முப்பத்தெட்டு அடி தள்ளி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். வராமல் என்ன செய்யும்? ஐம்பத்தொரு வயதில், தையல் கடைக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, கொல்லைப்புறத்தில் கடப்பாரையைப் பிடித்துக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். எதற்கு? புறாக்களுக்கு வீடு கட்ட அஸ்திவாரம் போட. எந்தப் புறாக்களால் அவருடைய நுரையீரல் கெட்டுப்போனதோ, அதே புறாக்களுக்கு.

இவர் சாவி செய்பவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. இவருக்கு வாழ்க்கையில் இரண்டே பைத்தியம்தான்: ஒன்று பூட்டு, இன்னொன்று பந்தயப் புறா. மூன்றாவது நீதான் என்பார், நான் நம்பியதில்லை. இருபத்தாறு வருடமாக எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி ஒரு மரக்கூண்டு, அதில் பதினெட்டுப் புறாக்கள். நூறு மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் பொழுது சாய்வதற்குள் கூண்டுக்கு வந்து நிற்கும். போன குளிர்காலத்தில் இவருக்கு இருமல் பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான். மாடிக்குப் போக வேண்டுமென்றால் ஏழாவது படியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் மிச்சத்தை ஏறுவார்.

டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். புறாவின் இறகிலிருந்தும் எச்சத்திலிருந்தும் வருகிற தூசி வருடக்கணக்கில் உள்ளே போய் நுரையீரலைத் தழும்பாக்கிக்கொண்டு வருகிறது. தழும்பான இடம் தழும்பானதுதான், திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் புறாக்களிடமிருந்து விலக வேண்டும்.

"விலகணும்னா எவ்வளவு தூரம் டாக்டர்?" என்று கேட்டார் இவர், மனை வாங்க வந்தவர் மாதிரி.

"முடிஞ்ச அளவு தூரம். ஸ்கேன் ரிப்போர்ட் வரட்டும், பாத்துட்டு முழுசாச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, டேப்பை எடுத்துக்கொண்டு படுக்கையறை ஜன்னலிலிருந்து பின்மதில் வரைக்கும் அளந்தார். முப்பத்தெட்டு அடி. "இதுக்கு மேல தள்ளணும்னா பக்கத்து வீட்டுக்காரன் சமையலறைலதான் வெக்கணும்" என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் கால் மணி நேரம் ஓடியது. நான் ஒரு வாரம் சண்டை போட்டுப் பார்த்தேன். சுவரிடம் பேசியிருந்தால் சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும். சுவரை ஒட்டி இருப்பதற்கு முப்பத்தெட்டு அடி எவ்வளவோ மேல் என்று கடைசியில் நானே ஒத்துக்கொண்டேன்.

டைல்ஸ் ஒட்டுகிற என் தம்பி வந்தான். பழைய கூண்டைப் பிரித்துப் பலகைகளை மதிலோரம் அடுக்கினான். புறாக்கள் நான்கு கூடைகளில் அடைபட்டுச் சைக்கிள் கொட்டகைக்குப் போயின. இவர் மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்தே அதிகாரம்.

எட்டடிக்கு ஆறடி. நான்கு மூலையிலும் முளையடித்து நூல் கட்டியதும், மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்க்கச் சொன்னார். ஒரு குறுக்கு, மற்றதைவிட அரை அங்குலம் கூட வந்தது.

"முளையப் புடுங்கு. திருப்பிக் கட்டு."

"மாமா, புறாவுக்கு அரை அங்குலம் தெரியவா போகுது?" என்றான் தம்பி.

"புறாவுக்குத் தெரியாது. கதவுக்குத் தெரியும். மூலை தப்பினா கதவு சாத்தாது, கதவு சாத்தலன்னா எலி வரும், எலி வந்தா குஞ்சு போச்சு. கட்டு மச்சான், கட்டு."

கட்டினோம். மேல்மண்ணை வேரோடு வழித்தெடுத்தோம். மூலைக்கு ஒன்று, நடுவில் இரண்டு என்று ஆறு குழி, முழங்கால் ஆழம். அடியில் செங்கல் துண்டைப் போட்டு இடித்து இறுக்கி, அதன்மேல் ஜல்லியும் சிமெண்டும். அதற்கு மேல் கல் வைத்து ஒன்றரை அடி உயரத்துக்குத் தூண். கூண்டுக்கு அடியில் காற்று ஓட வேண்டுமாம், ஈரம் ஏறினால் புறாவுக்குச் சளி பிடிக்குமாம். "புறாவுக்குச் சளி பிடிக்கக் கூடாதுன்னு இவ்வளவு கவலை, உங்க சளிக்கு யாருங்க கவலைப்படுறது?" என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் நான்காவது குழியை இடித்துக்கொண்டிருந்தேன். தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி.

"சத்தம் சரியில்ல," என்றார் ஜன்னலிலிருந்து. "உள்ள பொக்கு இருக்கு. இன்னும் பத்து இடி."

"இடிச்சாச்சுங்க."

"இடிச்சா இப்படியா சத்தம் வரும்?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அவ்வளவு தெரிஞ்சவரு நீங்களே வந்து இடிக்க வேண்டியதுதானே!" என்று கத்திவிட்டேன். அந்த நாக்கை அறுத்துப் போட வேண்டும். அவர் எழுந்து வந்தார். முப்பத்தெட்டு அடியும் நடந்து வந்து, என் கையிலிருந்து இடிகட்டையை வாங்கி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது தடவை கட்டை மேலே வரவில்லை. அப்படியே குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. மூச்சை இழுக்கிறார், இழுக்கிறார், உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. தம்பி தண்ணீர் எடுக்க ஓடினான். நான் முதுகைத் தேய்த்தேன். முதுகைத் தேய்த்தால் மூச்சு வருமா? வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து முதல் பேச்சு வந்தது. "இப்ப சத்தம் சரியா இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மண்டையில் ஒன்று போடலாமா என்றும் வந்தது. கடைசியில் அழுகைதான் வந்தது. மண் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவது குழிக்குப் போனேன்.

மூன்றாம் நாள் தூண்கள் எழும்பிவிட்டன. தண்ணீர் நிரப்பிய டியூபை ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குப் பிடித்து மட்டம் பார்த்தோம். ஆறும் ஒரே மட்டம். தம்பியே அசந்துவிட்டான். பத்து நாள் நனைக்க வேண்டும், அப்புறம்தான் மேலே பாரம் ஏற்றலாம். காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் எடுத்துப்போய் ஊற்றினேன். ஆறாம் நாள் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

கூண்டை முப்பத்தெட்டு அடி தள்ளிக் கட்டுவதை நான் சொன்னேன். டாக்டர் படத்தை விளக்கின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "நான் நெனச்சதவிட அதிகமா இருக்கு. முப்பத்தெட்டு அடி இல்ல, முன்னூறு அடின்னாலும் பத்தாது. துணியில ஒட்டி வரும், தலைமுடியில வரும், வீட்டுக்காரம்மா மேல வரும். பறவை இருக்கிற வீட்டுல நீங்க இருக்கக் கூடாது."

"சரி" என்றார் இவர். அவ்வளவுதான். ஒரு எதிர்ப்பேச்சு இல்லை. இந்த மனிதர் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்லி நான் பார்த்ததே கிடையாது. எனக்குச் சந்தோஷம்தான்.

எழுபது மைல் தள்ளி இவருடைய பந்தயக் கூட்டாளி ஒருவர் இருக்கிறார், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இவரை அண்ணே என்பார். அவர் வேனில் வந்து பதினெட்டையும் ஏற்றிக்கொண்டு போனார். இவர் வாசலுக்குக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆறு வாரத்தை நான் மறக்க மாட்டேன். மூன்றாவது வாரம் ஏழாவது படியில் உட்காராமல் ஏறினார். நான் பின்னாலேயே, விழுந்தால் பிடிக்கலாம் என்று கையை நீட்டிக்கொண்டு ஏறினேன். பதினான்கு படி. மேலே போய் நின்று "என்னடி பாக்குற?" என்றார். ஐந்தாவது வாரம் ஊதிப் பார்க்கிற சோதனையில் அளவு ஏறியிருந்தது, டாக்டர் கை கொடுத்தார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. நாலு மணி ஆனால் கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பார். எதிரே ஆறு தூணும் மேலே ஒன்றுமில்லாமல் நின்றன. அதை இடித்துவிடலாமா என்று தம்பி கேட்டான். இருக்கட்டும், துணி அலசக் கல் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

ஆறாவது வாரம் கண்ணாடிக்கடைக்காரர் போன் செய்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, சீட்டியடிச்சாலும் தீனிக்கு வர மாட்டேங்குதுங்க. கம்பியிலேயே முட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க. எனக்கே பாவமா இருக்கு. அடைச்சே வெக்கவா, தொறந்து விடவா? அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

எனக்கும்தான் பாவமாக இருந்தது. இருபத்தாறு வருடம் புறாக்காரர் வீட்டில் குப்பை கொட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? புறா வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் இவர் சொல்வதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்: ஆறு வாரம் அடைத்து வை, புது இடம் பழகிவிடும்.

"ஆறு வாரம் ஆயிடுச்சுல்ல, பழகியிருக்கும். தொறந்து விட்டுடுங்க" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

இவர் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு சுளையிலும் நாரை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சமையலறைக் கூரையில் முதல் புறா வந்து இறங்கியது. சாம்பல் நிறம், இடது இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை. ஒரு மணிக்குள் ஒன்பது. சாயங்காலத்துக்குள் பதினாறு. கூண்டு இருந்த இடத்தில் கூண்டு இல்லாததால் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே சன்ஷேடில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. நான் துண்டை வீசி வீசி விரட்டினேன். எழும்பி ஒரு சுற்று சுற்றி அதே இடத்துக்கு வந்தன.

உள்ளே வந்தால் இவர் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். "இன்னும் ரெண்டு வரணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏங்க, உங்களுக்குத் தெரியுமா, இதுங்க வரும்னு?"

விரலை மடக்கி இன்னொரு தடவை எண்ணினார்.

"கேக்குறேன்ல!"

"குஞ்சுக்குத்தாம்மா ஆறு வாரம். பறந்து பழகினது சாகுற வரைக்கும் மறக்காது."

"நான் போன்ல சொன்னப்ப பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொன்னா என்ன? சாகணும்னு ஆசையா உங்களுக்கு?"

"இல்ல," என்றார். "சாகணும்னு இல்ல. வரட்டும்னு இருந்துச்சு."

அந்த மனிதரை அடிக்கக் கையை ஓங்கிவிட்டு, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன இறகு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்தேன்.

கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன் செய்தேன். பாவம், அவரும் சொல்லிவிட்டார்: "பிடிச்சுக் குடுங்க அண்ணி. கடைசி வரைக்கும் அடைச்சே வெச்சுப் பாத்துக்கிறேன்." பிடித்துக் கொடுப்பது அல்லவா வேலை. தம்பி வலை கொண்டுவந்தான். ஏணி போட்டோம், போர்வை வீசினோம். அவன் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டதுதான் மிச்சம். எட்டு நாளில் ஒரு புறாகூட அகப்படவில்லை. "பேசாம தீனியில எதையாச்சும் கலந்து வெச்சிரு அக்கா" என்றான் கடுப்பில். "வாயக் கழுவுடா" என்று கத்தினேன். ஆனால் அன்றைக்கு முழுக்க அது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இவர் தீனி டப்பாவைக் குலுக்கினால் மட்டும் வரும். வேறு யார் குலுக்கினாலும் வராது. கடைசியில் நானே இவர் காலடியில் உட்கார்ந்து கேட்டேன். "ஒரே ஒரு தடவை. மாஸ்க் போட்டுக்கிட்டு, கூப்பிட்டு, பிடிச்சுக் குடுத்திருங்க. அதோட முடிஞ்சிரும்." சரி என்று வெளியே வந்தார். குலுக்கினார். சாம்பல் நிறம் பறந்து வந்து கையில் உட்கார்ந்தது. நான் கூடையைத் திறந்து பிடித்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்தார், கட்டைவிரலால் அதன் நெஞ்சைத் தடவினார், அப்படியே மேலே தூக்கி விட்டுவிட்டார்.

"முடியலம்மா," என்றார். "என்னால முடியல." அறுபது வயது மனிதர் திறந்த கூடைக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதார். அழுதால் மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கினால் இருமல் வருகிறது. நான் என்ன செய்வேன்? உள்ளே அழைத்துக்கொண்டு போனேன்.

இனி என்ன மிச்சம்? ஜன்னலுக்கு மேலே உட்கார்ந்து எச்சமிடுவதை முப்பத்தெட்டு அடியாவது தள்ளி வைப்பதுதான். நானும் தம்பியும் அடுக்கி வைத்திருந்த பலகைகளைத் தூண்கள் மேல் ஏற்றினோம். கதவு ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொண்டது. இவர் ஜன்னலிலிருந்து டப்பாவைக் குலுக்கியதும் பதினாறும் உள்ளே போய்விட்டன; கண்ணாடிக்கடைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பிவிடலாம்தான், திறந்த கூடைக்கு முன்னால் இவர் அழுததைப் பார்த்த எனக்கு மனசு வரவில்லை. தம்பி வேலையை முடித்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான்.

தீனி வைப்பதும் சுத்தம் செய்வதும் நான். அதற்கென்று ஒரு பழைய உடுப்பு, தலைக்குத் துணி, வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பேன். கதவுக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் பூட்டி, சாவியைத் தையல் கடைக்குக் கொண்டுபோய்விடுவேன். இவர் ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி என்று ஒப்பந்தம். ஒரு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போவதாக நினைத்தேன். ஒரு நாள் துவைக்க எடுத்த சட்டையின் மடிப்புக்குள் வெள்ளைப் பஞ்சு மாதிரி இறகு இருந்தது. ஊருக்கெல்லாம் சாவி செய்து கொடுத்த ஆளுக்கு என் பூட்டெல்லாம் ஒரு பூட்டா?

சட்டையை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பத்து நிமிஷம்தான்" என்றார்.

"தினமுமா?"

"நீ கடைக்குப் போனப்புறம். பத்தே நிமிஷம்."

சட்டையை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். அவர் மறுபடி ஏழாவது படியில் உட்கார ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியும். வெயில் அதிகம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் டாக்டரிடம் போனோம். ஊதச் சொன்னார்கள், ஊதினார். டாக்டர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏறின அளவு அப்படியே எறங்கிடுச்சே. புறாவக் குடுத்தப்புறம் நல்லாதானே வந்துச்சு?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப புறா மட்டும் காரணமில்ல. வேற ஏதோ இருக்கு. உள்ளேருந்து சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பாத்தாதான் தெரியும். விலாப் பக்கம் துளை போட்டு எடுக்கணும். இவர் இருக்கிற நெலமைல மயக்க மருந்து குடுக்கிறதே கொஞ்சம் பயம்தான். ஆனா வேற வழியில்ல." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "வீட்டுல பறவை எதுவும் இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

இவர் என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. மேஜைக்கு அடியில் அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தத் துளை வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். உண்மையைச் சொன்னால் பதினாறையும் அன்றைக்கே யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், கூடையில் திணித்தோ தீனியில் எதையாவது கலந்தோ, எப்படி எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இந்த மனிதர் படியேறி வந்து "என்னடி பாக்குற?" என்று கேட்பாரா, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாரா? எதைச் சொன்னால் இவர் எனக்கு மிஞ்சுவார் என்று தெரியவில்லை. கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். எப்போதும் கூப்பிடாமலே வருகிற கோபம் அன்றைக்கு வரவில்லை. பயம்தான் இருந்தது.

"இல்ல டாக்டர்" என்றேன்.

நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். வருகிற புதன்கிழமை, காலை ஏழு மணி, வெறும் வயிற்றோடு வர வேண்டும். சிகிச்சையின்போது எது நடந்தாலும் எனக்குச் சம்மதம் என்று அச்சடித்திருந்தது. நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்ட இடத்தில் மனைவி என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.